ஐந்து மணி இசையும் தலைவரின் பாதி முடியும்

அன்பு மகள் நகிசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. பெர்லின் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, உன் பிழைப்பே காதில்தானே இருக்கிறது.

பியானோ படிக்க அனுப்பினோம், பாதியில் விட்டாய். டோக்கியோவில் ஏதோ நிலவறையில் பத்துப் பேர்கூட இல்லாத கூட்டத்துக்கு, மைக்கோ வாத்தியமோ எதையுமே செருகாத ஒலி மிக்சர் பெட்டியைத் திருகி உய்யென்று சத்தம் வரவழைத்தாய். அப்போதெல்லாம் "பொண்ணுக்கு வேலை எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டவர்கள், ஜெர்மனியில் நீ பரிசு வாங்கிப் படம் பேப்பரில் வந்ததும் "சின்ன வயசுலயே எங்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நகராட்சி வாசலில் பேனர் கட்டினார்கள், பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீடு திரும்ப ஊர் ஒலிபெருக்கியில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் போடும் மெட்டுக்குப் பதிலாகப் போட உன்னிடமே இசை கேட்டார்கள். அதுவரை உன் இசையை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, அதனால்தான் அத்தனை மரியாதை.

போன மாதம் அதைப் போட்டார்கள். மெல்லிய ஓர் உறுமல், நடுநடுவே டக் டக்கென்று ஏதோ சத்தம், அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே ஒயர்மேன் கம்பத்தில் ஏறிவிட்டார். மீன்கடை ஹிகுச்சியம்மா முலாம்பழத்தோடு வந்து, "பாவம், உங்க பொண்ணு பாட்டுப் போட்ட அன்னிக்குன்னு பார்த்து ஸ்பீக்கர் கெட்டுப்போச்சே" என்று துக்கம் விசாரித்தார். கெடவில்லை, அதுதான் பாட்டு என்று அம்மா சொன்னதும் இன்னும் தாழக் குனிந்து வணங்கிவிட்டு ஓடிவிட்டார். பழம் நல்ல இனிப்பு. பிள்ளைகள்தான் ஐந்து மணி ஆனது தெரியாமல் இருட்டும்வரை மைதானத்திலேயே கிடந்தார்கள். ஊர்ச் சங்கத் தலைவர் முரோய் கூட்டம் போட்டு உன்னை வானளாவப் புகழ்ந்து, "இவ்வளவு உசந்த இசையைத் தினமும் போட்டு மலிவாக்கக் கூடாது, பழைய மெட்டுக்கே போயிடலாம்" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். வேண்டுமானால் கோபித்துக்கொள் மகளே, எனக்கு அது விளங்கவில்லை. உன் தாய் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

நேற்று உன் இசைக்குக் கடைசி நாள். முரோய் நம் கடையில் முடிவெட்ட உட்கார்ந்திருந்தார், வலப்பக்கம் முடித்திருந்தேன். ஐந்து மணி ஆயிற்று. இரண்டு வெட்டுக்கு நடுவில் வெறுங்காற்றில் கத்தரியைத் தட்டுவேனே, அந்தச் சத்தமும் கம்பத்திலிருந்து வந்த சத்தமும் ஒன்றாக இருந்தது. கையை நிறுத்தினேன், வெளியே அது நிற்கவில்லை. அந்த உறுமல், சவரத்துக்குத் துண்டு சூடாக்கும் நம் பழைய பெட்டியின் சத்தம். பள்ளி விட்டு வந்து அதில் காதை வைத்துச் சாய்ந்திருப்பாய், தூங்குகிறாய் என்றல்லவா நினைத்தேன். பாவி மகளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குக் கண்ணை நீர் மறைத்துவிட்டது.

"என்ன கெங்கிச்சி, இடப்பக்கம் மறந்துடுச்சா?" என்றார் முரோய். "தீர்மானத்தை மாத்துங்க, வெட்டுறேன்" என்றேன். "நான் மட்டும் மாத்த முடியுமாய்யா, சங்கம் கூடணுமே" என்றார். "கூடட்டும், பிள்ளைங்கள தினமும் நானே போய் வீட்டுக்கு விரட்டுறேன்" என்று போர்த்தியிருந்த துணியை உதறி, பாதி முடியோடு அவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். ஊரில் வேறு கடையும் கிடையாது. புதன்கிழமை மறுபடி கூட்டம் என்று இன்று காலையிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது, தலைவர் வெயிலில்லாத நேரத்திலும் தொப்பியோடு திரிகிறார். அம்மா என்னோடு பேசிவிட்டாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. வேளைக்குச் சாப்பிடு. வசந்தத்தில் கட்டாயம் ஊருக்கு வா. அதுவரை கத்தரியைச் சாணை பிடிக்கப் போவதில்லை, பிடித்தால் சத்தம் மாறிவிடும். முரோயின் இடப்பக்கத்துக்கு இந்தக் கூர் போதும்.

உன் அப்பா,
கெங்கிச்சி