பூஜை போட்ட விமானம்

செப். 30, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வால் சுக்கானுக்குத் துணி ஒட்டி முடித்தாயிற்று. இரண்டு வருட வேலை. கல்லூரியின் பின்பக்கம் முள்செடிக்குள் கிடந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், இப்போது விமானம் மாதிரி நிற்கிறது.

கல்லூரி மேனேஜர் வந்தார். நீலப் பெயிண்ட் அடித்து, வாலில் நிறுவனர் படம் வரைந்து, வாசலில் வைக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். பழைய பெயிண்டின் மேல் ஒரு சொட்டு விழக் கூடாது. சனிக்கிழமை விமான அருங்காட்சியகத்துக்காரர் பார்க்க வருகிறார்.

"அவர் எடுத்துக்கிட்டா சரி. இல்லைன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்குப் போயிரும், டீச்சர்."

ஐ.டி.ஐ.யில் முப்பது வருடம் ஃபிட்டர் பாடம் எடுத்தவளை மிரட்டுகிறார். போகட்டும்.

வாங்க: பூசணி, பொரி, எலுமிச்சை 3, சந்தனம்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

புத்தி கெட்டவள் நான். வேறென்ன எழுத.

பெயிண்ட் கூடாது என்று சண்டை போட்டவளே மூக்கில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். அதோடு விட்டேனா? பூஜை போட்ட வண்டி எலுமிச்சையை நசுக்க வேண்டாமா? ஜப்பார் பாய் (கோரிப்பாளையம், வெல்டிங், எனக்கிருக்கும் ஒரே கூட்டாளி) தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "வேணாம்க்கா. இதென்ன ஷேர் ஆட்டோவா? இம்புட்டு வருசமா நின்ன காலு, தாங்காது."

நான்கு பேர் தள்ளினோம். எலுமிச்சை நசுங்கியது. கூடவே இடது சக்கரத்தின் கால் மடங்கியது. இறக்கை தரையில்.

அழுதேன். பாய் பார்க்காத மாதிரி பூசணித் துண்டுகளைப் பொறுக்கினார்.

அக். 3, வெள்ளி

மேனேஜர் உடைந்த காலைப் போட்டோ எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். வர வேண்டாம் என்று செய்தி வேறு. என்னிடம் சொல்லவில்லை, பாய்தான் ஆபீஸில் காதில் வாங்கி வந்தார்.

நானே போன் செய்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "காலு உடைஞ்சா கட்டிக்கலாம்மா. மேல புதுப் பெயிண்டு அடிக்கலையே? அது போதும். வர வேண்டாம்னதால சனிக்கிழமைக்கு வேற வேலை ஒத்துக்கிட்டேன். திங்கக்கிழமை பன்னெண்டுக்கு வாரேன்."

பழைய இரும்பு லாரி வருவது ஒன்பதுக்கு. நடுவே மூன்று மணி நேரம். பார்த்துக்கொள்கிறேன்.

மாலை ஜாக்கி வைத்து இறக்கையைத் தூக்கினோம். சந்தனத்தைத் துடைக்கப் போனேன். பாய் கையைத் தட்டிவிட்டார். "தண்ணி பட்டா உள்ள இருக்க பெயிண்டும் சேந்து வந்துரும்க்கா. விடுங்க."

அக். 5, ஞாயிறு

துணி துவைக்கவில்லை. தங்கை போனில்: "வயசான காலத்துல இரும்போட குடும்பம் நடத்துறியாக்கும்?" ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள்.

நாளைக்கு: தண்ணீர், தொப்பி, பிஸ்கட், இந்த நோட்டு.

அக். 6, திங்கள்

8.15. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டிவிட்டேன். நோட்டு மடியில்.

9.20. லாரி, கேஸ் கட்டரோடு. மேனேஜர்: "இறங்குங்க டீச்சர், அசிங்கமா இருக்கு." எனக்கு இல்லை என்றேன். முடிந்தால் என்னோடு சேர்த்து வெட்டுங்கள் என்றேன். பாய் டீயை மேலே நீட்டினார்.

10.05. லாரிக்காரர் ஒரு சுற்று வந்தார். மூக்கருகே நின்றார். சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பூஜை போட்ட வண்டியாண்ணே இது?"

"அதுக்கென்ன? வெட்டுய்யா," என்றார் மேனேஜர்.

"இன்னும் ஒரு வாரம்கூட ஆகலையே. சக்கரத்துல எலுமிச்சம்பழம் ஒட்டிக்கிட்டு கெடக்கு. நான் கை வைக்க மாட்டேண்ணே. பிள்ளகுட்டிக்காரன்."

மேனேஜர் அதட்டினார், கெஞ்சினார், யார் யாருக்கோ போன் போட்டார். லாரிக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

11.50. தலைக்கு மேல் சென்னை விமானம் இறங்குகிறது. முதுகெல்லாம் வியர்வை. போன் வந்தது. அருங்காட்சியகத்துக்காரர் கேட்டில் நிற்கிறாராம். வாட்ச்மேன் விட மறுக்கிறார், மேனேஜர் உத்தரவாம். நான் எழுந்து போனால் இடம் போய்விடும். எழவில்லை.

12.05. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வெறும் லாரி. கேட்டருகே அவர் கத்துவது இங்கே வரை கேட்கிறது.

"நான் வெளிய போகணும்ல? கேட்டத் தொறய்யா. ரெண்டு பக்கமும் தொற!"