முதலாம் ஒலிப்பதிவுக்கு நான் இட்ட மதிப்பெண்

அனுப்புநர்
பயிற்சி மாணவி, இரண்டாம் பிரிவு,
பெண்கள் விடுதி, மாடி அறை.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
டிஜிட்டல் தொலைபேசி வலையமைப்புத் தொழிற்பயிற்சி மையம்.

பொருள்: குரல் தர மதிப்பீட்டுத் தேர்வில் எனக்குக் கிடைத்த பூச்சியம் பற்றிய முறையீடு.

பார்வை: அவசர உதவி அழைப்பு மையத்தின் தலைவராக இருந்தபோது தாங்கள் கையொப்பமிட்ட விசாரணை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மையத்தில் நான் மோசமான மாணவி அல்ல. ஃபைபர் இழைகளை ஒட்டுவதில் என் கை நடுங்காது. தொலைபேசி இணைப்பகத்தில் பழுது எந்த மின்னணு அட்டையில் இருக்கிறது என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவேன். கட்டாயப் பாடமான குரல் தரத் தேர்வில் மட்டும் தோற்றுவிட்டேன். அதில் தோற்றால் சான்றிதழ் கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே.

2. தேர்வு எளிமையானது. டிஜிட்டல் வலையமைப்பில் நம் பேச்சு சிறு சிறு துண்டுகளாகப் போய் மறுமுனையில் ஒன்று சேர்கிறது. வழியில் துண்டுகள் தொலைந்தால் பேச்சு அறுந்து அறுந்து கேட்கும். ஒலிப்பதிவைக் கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். ஐந்து என்றால் முழுத் தெளிவு, ஒன்று என்றால் எதுவும் புரியவில்லை. பாடத்துக்கும் தேர்வுக்கும் ஒரே அழைப்பின் ஐந்து பதிவுகள் உண்டு. முதலாவது அசல்; அதற்குத் தவறாக மதிப்பெண் இட்டால் தேர்வு முழுவதற்கும் பூச்சியம். மற்ற நான்கும் அந்த அசலிலிருந்து துண்டுகளைக் கழித்துக் கழித்து ஆசிரியர் கணினியில் செய்தவை.

3. அந்த அழைப்பில் பேசும் பெண்ணுக்கு மாணவர்கள் 'மூச்சக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறது. கேன்டீனில் தேநீர் வரத் தாமதமானால் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதுங்களா... கேக்குதுங்களா..." என்று இழுப்பார்கள். மேசையே சிரிக்கும். அந்தப் பாடம் வரும்வரை அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியாது.

4. அது என் அக்காவின் குரல்.

5. அவளுக்கு ஆஸ்துமா. வீட்டில் தனியாக இருந்தபோது மூச்சு முட்டி, தங்கள் அவசர உதவி மையத்தை அழைத்தாள். "இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படலாம்" என்ற அறிவிப்புடன் அந்த அழைப்பு தொடங்குகிறது. அன்று தங்கள் மையம் கொடுத்த வாக்குகளில் காப்பாற்றப்பட்டது அது ஒன்றுதான்.

6. விசாரணை அறிக்கையில் தாங்கள் எழுதியது: "ஒலித் தெளிவின்மையால் அழைப்பாளரின் பேச்சு புரியும் நிலையில் இல்லை. பணியிலிருந்தவர் மீது தவறு இல்லை." பதிவைத் தரும்படி கேட்டு நாங்கள் நடையாய் நடந்தோம். கேட்கும் நிலையில் இல்லாததைக் கொடுத்துப் பயனில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். பிறகு எங்கள் தெருமுனையில் புதிய கைபேசிக் கோபுரம் ஒன்றை நட்டார்கள். கோளாறு லைனில் என்று நானும் நம்பினேன். அந்தக் கோளாறைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

7. பேச்சு கேட்கவில்லை என்பதை என் அம்மாவும் நம்பினாள். ஆனால் அவள் லைனைக் குறை சொல்லவில்லை, அக்காவைச் சொன்னாள். அக்கா மெல்லப் பேசுகிறவள். "கொஞ்சம் கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதாடி? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று இன்றுவரை அக்காவின் படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். திட்டிவிட்டு அழுகிறாள், அழுதுவிட்டு மறுபடி திட்டுகிறாள். என்னிடம் தொலைபேசியில் பேசும்போது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறாள்.

8. வகுப்பில் முதலாம் ஒலிப்பதிவைப் போடும் முன் ஆசிரியர் பெருமையாகச் சொன்னார்: "இவ்வளவு சுத்தமான பதிவு வேற எங்கயும் கிடைக்காது. ஒரு துண்டுகூட தொலையல. நம்ம முதல்வர் மாறுதலாகி வரும்போது கையோட கொண்டுவந்தது." அதன்பின் நான் கேட்டவை:

"மூச்சு விட முடியலங்க. வீட்ல யாரும் இல்ல. வண்டி அனுப்புங்க. பச்சைக் கேட்டு, தண்ணித் தொட்டிக்கு எதிர்ல..."

அடுத்து, பணியிலிருந்தவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வது: "பச்சைக் கேட்டாம், தண்ணித் தொட்டியாம். கல்யாண வீட்டுக்கு வழி சொல்ற மாதிரி சொல்லுது பாரு." இரண்டு பேரின் சிரிப்பு. பிறகு அக்காவிடம்: "கேக்கலம்மா. மேல எங்கயாவது போய்ப் பேசுங்க."

சொன்னபடியே அக்கா மேலே போனாள். மொட்டை மாடிக்கு ஏறும் படிகளில் அவள் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, "கேக்குதுங்களா" என்ற கேள்வியோடு பதிவாகியிருக்கிறது. ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்தி, "பின்னணி ஒலி எவ்வளவு துல்லியம், கவனிங்க" என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். மாடிக் கதவைத் திறக்கும் முன் மறுமுனையில் இருந்தவர் இணைப்பைத் துண்டிக்கிறார். அந்தக் கதவடியில்தான் அவளைக் கண்டெடுத்தோம்.

நான் எழுந்து வாசல்வரை போனேன். "பாடம் கேக்க வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா? உட்காருங்க" என்றார் ஆசிரியர். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மற்ற நான்கு பதிவுகளையும் கேட்டேன். அக்காவைத் துண்டு துண்டாகக் கழித்துக்கொண்டே போனார்கள். ஐந்தாவதில் மூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

9. தேர்வில் முதலாம் ஒலிப்பதிவுக்கு நான் ஒன்று என்று மதிப்பெண் இட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "ஒலித் தெளிவின்மையால் அழைப்பாளரின் பேச்சு புரியும் நிலையில் இல்லை" என்று எழுதினேன். இது என் சொந்தச் சரக்கு அல்ல. தங்கள் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் சிவப்பு மையில் பூச்சியம் போட்டு, அருகே, "காது கேளாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது" என்று எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பில் ஐந்து என்று இருக்கிறதாம். அதிலும் தங்கள் கையொப்பம் இருக்கிறது.

10. மனு எழுதுகிறவர்கள் தங்களுக்குக் கோபமில்லை என்று எழுதுவார்கள். எனக்குக் கோபம் இருக்கிறது ஐயா. பணிவு இந்தத் தாளுக்காக.

11. தங்கள் அறிக்கை உண்மையானால் என் விடை சரி. ஐந்து என்று எழுதித் தேறிய எல்லாப் பிரிவு மாணவர்களின் சான்றிதழ்களையும் தாங்கள் திரும்பப் பெற வேண்டும். விடைக்குறிப்பு உண்மையானால் என் பூச்சியம் சரி, தங்கள் அறிக்கை பொய். இரண்டிலும் கையொப்பமிட்டவர் தாங்களே என்பதால், வேறு யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சிரமம் தங்களுக்கு இல்லை.

12. நான் மதிப்பெண் கேட்கவில்லை. பூச்சியத்தை உறுதிசெய்து தரும்படிதான் கேட்கிறேன். முதலாம் ஒலிப்பதிவு முழுத் தெளிவானது, அதில் பேசும் பெண்ணின் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது, கேட்கவில்லை என்று எழுதியவர் தவறு செய்தார் என்று தங்கள் கையொப்பத்தோடும் அலுவலக முத்திரையோடும் ஒரு தாள் தர வேண்டும். மறுத்தால், இதே மனு விசாரணை அறிக்கையோடும் விடைத்தாளோடும் தங்களுக்கு மேலுள்ளவர்களுக்குப் போகும்.

தந்தால் அந்தத் தாளை முதலில் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அக்கா சரியாகத்தான் பேசினாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இடம்: பயிற்சி மைய விடுதி
நாள்: தேர்வு முடிவு வெளியான மறுநாள்

இதுவரை கீழ்ப்படிந்து நடந்த மாணவி,
(ஒப்பம்)