எச்சில் அடுப்பு

20.9.2012, வியாழன். சிதம்பரம்.
காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். கரண்ட் பத்து மணிக்குப் போய் பன்னிரண்டுக்கு வந்தது. இட்லி மாவு பாதி அரைந்தபடியே கிரைண்டரில்.

சிலிண்டருக்குப் பதிந்து பதினெட்டு நாள். கேட்டால் "வண்டி வரல மேடம்". இப்படியே போனால் மெஸ்ஸில் காலை டிபனை நிறுத்த வேண்டும். டிபன் நின்றால் காலேஜ் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கும் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். மாமனார் ஆரம்பித்த மெஸ். அது என் கையில் மூடக் கூடாது.

இருக்கிற ஒரே நம்பிக்கை கொல்லையில் போட்ட பயோகேஸ் தொட்டி. ஒரு மாதமாகச் சாணம் கரைத்து ஊற்றியாயிற்று. போட்டுக்கொடுத்தவர் இன்று கடலூரிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். நீலமாக எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம்.

இனி சாணம் வேண்டாமாம். தினமும் போட வேண்டியது:
இலையில் மிஞ்சும் சோறு, குழம்பு
காய்த்தோல்
வடித்த கஞ்சி
கூடாதவை: வாழை இலை, எலுமிச்சைத் தோல், எலும்பு.

செந்தாமரை அக்கா தள்ளி நின்று பார்த்தார். பதினோரு வருடமாக இங்கே சமையல் அவர்தான். மெஸ்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கை. "ஊரு எச்சியில வர்ற தீயிலயா சோறாக்கச் சொல்ற?" என்றார். சாணம் என்றால் பரவாயில்லையாம், எச்சில்தான் ஆகாதாம். பழகிவிடும் என்றேன்.

24.9, திங்கள்
அக்கா முகம் உம்மென்றுதான். ஆனால் எச்சில் வாளியை என்னைத் தொட விடுவதில்லை, தானே கொண்டுபோய்க் கொட்டுகிறார். நல்ல மனசு. கேஸ் சேர்ந்து, தொட்டிமேல் மிதக்கிற டிரம் நன்றாக எழும்பியிருக்கிறது. சோறு, சாம்பார், வெந்நீர் எல்லாம் அதில்தான்.

வீட்டுக்காரர் தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிறார். மருந்துக்கடைக்காரர் மூக்கைப் பிடித்தபடி பார்க்க வந்தார். நாற்றமே இல்லையே என்று அவருக்கு ஏமாற்றம்.

2.10, செவ்வாய்
லீவு. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். இலையில் மிச்சமே இல்லை. டிரம் மட்டும் இறங்கவில்லை. எப்படி?
அரிசி மூட்டை சீக்கிரம் காலியாகிறது. எலி மருந்து வாங்க வேண்டும். உளுந்து. சோப்பு.

4.10, வியாழன்
எலி இல்லை. அக்கா.

மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டேன். கொல்லையில் அக்கா, ஆவி பறக்கிற சோற்றைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யார் வாயும் படாத சோறு. தினமும் நாலு படி கூடுதலாக வடித்துப் போட்டிருக்கிறார். எச்சில் வாளி போனது தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கு. கேஸை எரித்துச் சோறாக்கி, அந்தச் சோற்றைக் கேஸுக்கே போட்டு... கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சுத்தமான சோறு போட்டா தீயும் சுத்தமா வரும்னு நெனச்சேன். மொத புடி சாமிக்கு எடுத்து வைக்கிறவ நானு. இந்தத் தீயில வெந்தத எப்படிம்மா வைக்கிறது?"

இன்னும் கத்தினேன். சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

5.10, வெள்ளி
அக்கா வரவில்லை. நான் சமைத்தேன். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. எல்லாம் இலையிலேயே கிடந்தது. தொட்டிக்கு இன்று நல்ல வேட்டை.

இரண்டு பிள்ளைகள் நாளைக்கு வரமாட்டோம் என்றார்கள். தொட்டி இல்லாவிட்டால் மெஸ் இல்லை, அக்கா இல்லாவிட்டாலும் இல்லை.

மா. 5 மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கத்தியது தப்பு என்றேன். எரிந்துவிட்டால் எச்சில் ஏது, சாணம் ஏது, தீ தீதான் என்று விளக்கினேன். அக்கா முறத்து அரிசியைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"நீ அப்புடி நெனக்கிறியா? மெய்யா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப சரி. உன்ன நம்பிப் பத்த வைக்கிறேன்."

6.10, சனி
வந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பற்றவைத்தார். சாமிக்கும் அதில் வெந்த சோற்றையே வைத்தார். அப்பாடா.

12.10, வெள்ளி
மழை. ஒரு வழியாகச் சிலிண்டர் வந்தது. வேண்டியிருக்கவில்லை, மூலையில் வைத்தாயிற்று. எச்சில் மட்டுமே போட்டும் டிபன், சாப்பாடு இரண்டுக்கும் கேஸ் போதுகிறது. ஓடிப்போன இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள்.

15.10, திங்கள். மகாளய அமாவாசை
மாமனாருக்குப் படையல். தலைக்குக் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு சமையல். சோறு, வாழைக்காய் பொரியல், வடை, பாயசம்.

வடை தட்டும்போதுதான் கவனித்தேன். மூலையில் இருந்த சிலிண்டரை நகர்த்தி, பழைய அடுப்பில் மாட்டி, எல்லாவற்றையும் அதில் வைத்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

வாசற்படியில் அக்கா. எந்த அடுப்பு எரிகிறது என்று பார்த்தார். இலையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

16.10, செவ்வாய்
கா. 5.30. அரிசி களைந்து, எச்சில் அடுப்பில் உலைப்பானை ஏற்றி எல்லாம் தயார். பற்றவைக்கவில்லை. தீப்பெட்டியை அக்கா என்னிடம் நீட்டினார்.

"நீயே பத்த வைம்மா."

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தேவலை.

பற்றவைத்தேன். வெந்ததும் முதல் பிடியை நானே எடுத்து மாமனார் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தேன். சோறு கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது.

அக்கா நின்று பார்த்துவிட்டுப் போய் அதே அடுப்பில் பருப்பை ஏற்றினார்.