ஒரே ஓட்டைக் கூரையின் கீழ் எங்களை எதிரிகளாக்கிய வானொலி விவாதம்

அனுப்புநர்:
தர்மாவதி,
மேசை எண் 14, வைலோமா சந்தை,
வனுவா லேவு, ஃபிஜி.

பெறுநர்:
நிகழ்ச்சி இயக்குநர் அவர்கள்,
தீவுக்குரல் வானொலி, சுவா.

பொருள்: சந்தைக் கூரை குறித்து இரு மொழிகளில் தனித்தனியே நடந்த விவாதத்தை ஒன்றாக நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கத்தரிக்காயும் பீன்ஸும் விற்பவள். பக்கத்து மேசையில் தாலோ கிழங்கு விற்கும் வசேமதா பதினோரு ஆண்டுகளாக என் தோழி. எங்கள் இரு மேசைக்கும் மேலே இருப்பது ஒரே ஓட்டை. மழை வந்தால் ஒரே பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் ஒண்டிக்கொள்கிறோம்.

2. கூரையை மாற்றலாமா என்று நகர சபை மக்கள் கருத்தைக் கேட்டது. என் போன்ற இந்திய வம்சாவளியினர் கேட்கும் தங்கள் இந்தி அலைவரிசையில் காலை எட்டு மணிக்கு விவாதம். வசேமதா போன்ற பூர்வகுடியினர் கேட்கும் ஃபிஜி மொழி அலைவரிசையிலும் அதே எட்டு மணிக்குத்தான். இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு அவரவர் அலைவரிசைக்குப் போன் செய்து பேசினோம். அடுத்தவர் போன் பேச்சை ஒட்டுக்கேட்பது எங்கள் சந்தையில் மரியாதை இல்லை.

3. கூரை வேண்டும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தப் பக்கத்துக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று தங்கள் அறிவிப்பாளர் கிளறினார். "அவங்களுக்குக் கூரை எதுக்குங்க? ரக்பி மைதானம் போட்டா போதும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதே நிமிடம் வசேமதா தம் மொழியில், கூரை வேண்டும், ஆனால் இந்தியர்கள் கோயில் சாலைக்குத்தான் கை தூக்குவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு என் பீன்ஸ் கறியையும் அவருடைய மரவள்ளிக்கிழங்கையும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

4. சென்ற வாரம் சபையின் கடிதம் வந்தது. இரு சமூகத்தாரிடையே கருத்து வேறுபாடு நிலவுவதால் கூரைப் பணி ஒத்திவைக்கப்படுகிறதாம். சான்றாக எங்கள் இருவர் பெயரும், வானொலியில் நாங்கள் பேசியதும். வசேமதா படித்துவிட்டு, "ஏன் தர்மா, நாம சண்டை போட்டது எனக்கே தெரியாதே" என்றார். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன மழையில் நனைந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவர் அவர்.

5. அடுத்த மாதம் புயல் காலம் தொடங்குகிறது. இந்த ஆண்டில் கடைசியாகச் சபை கூடுவது வரும் வெள்ளிக்கிழமை. அதற்குள் ஒரே ஒரு காலை, இரு அறிவிப்பாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவர் பேசுவதை மற்றவர் மொழியிலும் சொல்லச் செய்து விவாதத்தை நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் போன் நான் செய்கிறேன். மன்னிப்பும் அதிலேயே கேட்டுவிடுகிறேன்.

6. வசேமதாவும் தம் மொழியில் தங்களுக்குத் தனி மனு எழுதுகிறார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னைத் திட்டியிருந்தாலும் சரி, இரண்டு மனுவையும் வெவ்வேறு அறைக்கு அனுப்பிவிடாமல் ஒன்றாக வைத்துப் படியுங்கள் ஐயா.

இடம்: வைலோமா
நாள்: 14.10.2019

இப்படிக்கு,
சபையின் கணக்கில் எதிர்ப்பாளர்,
தர்மாவதி