முன் வீல் இழுத்தாப் போதும்

பஸ்ஸுக்குக் கிளம்புமுன் செவந்தி, புருஷன் ரத்தினவேலுக்கு ஒரு சீட்டு எழுதி, புதுக் காரின் சாவியை அதன்மேல் பாரமாக வைத்தாள்.

"அண்ணன் மகன் காதுகுத்துக்கு நான் முன்னாடியே போறேன். குழம்பு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ரசம் வைக்கத் தோணலை.

எங்க ஊரு கண்மாய்க்கரை மழை பேஞ்சா சேறு, நாலு வீலும் இழுக்கிற வண்டியா எடுங்கன்னு ஷோரூம்ல சொன்னேன். 'ஒங்க ஊருக்கு யாரு போகப்போறா, முன் வீல் இழுத்தாப் போதும்'னு சேல்ஸ்மேனோட சேந்து சிரிச்சீங்க. அண்ணன் வீடு குடிபோன அன்னைக்கு அந்தச் சேத்துலதான் வண்டி மாட்டுச்சு. நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஒக்காந்துக்கிட்டீங்க. பட்டுச்சேலையோட பின்னாடி நின்னு தள்ளுனது நான். ஊரே பாத்துச்சு.

நாளைக்கு நீங்க கார்லதான் வரணும். பஸ்ல வந்தா ஒங்ககூடப் பேசவே மாட்டேன். அங்க ரெண்டு நாளா நல்ல மழையாம். டிராக்டரை வெளிய எடுக்கக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

வாசல்வரை போனவளுக்கு மனசு ஆறவில்லை. திரும்பி வந்து தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"ஒங்க வெள்ளைப் பட்டுவேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டில்ல வச்சிருக்கேன். அதைத்தான் கட்டிக்கிட்டு வரணும். கண்மாய்க்கரையில நிப்பேன். இந்தத் தடவை ஸ்டியரிங்கை நான் பிடிச்சுக்கிறேன்."