கை தூக்குறதுக்கு முன்னாடி

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவள் எழுதுறேன். போன்ல உனக்குப் பாதி காது கேக்கறதில்ல, அதான் கடிதம். முழங்கால் வலி எப்படி இருக்கு?

எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. பழைய மார்க்கெட் இடத்துல பூங்காவா, கார் நிறுத்தமான்னு நகராட்சி மக்களைக் கேக்கப் போகுது. திட்டத்தை அவங்களுக்குப் புரிய வைக்கிறது என் பொறுப்பு.

ஒரு நல்ல சேதி. அண்ணனும் நானும் பேசி முடிச்சுட்டோம். வீட்டை வித்துட்டு நீ என்னோட வந்துடு. அடுத்த மாசம் புரோக்கர் வருவார். நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை அண்ணன் பாத்துக்குவான்.

உன் சின்னவள்

ஜூன் 11

என் தங்கத்துக்கு,

அம்மா ஆசிகள். முழங்கால் அது பாட்டுக்கு இருக்கு. வீட்டு விஷயம் படிச்சேன். யோசிக்கணும்.

இங்க வேற கூத்து. நம்ம தெருமுனை பஸ் ஸ்டாப்புக்கு ஏதோ நோட்டீஸ். தலையும் புரியல வாலும் புரியல. இந்தக் கவர்லயே நகல் வச்சிருக்கேன், பாரு. 'போக்குவரத்துச் சீரமைப்பு'ன்னு போட்டிருக்கவும், சீரமைச்சா நல்லதுதானேன்னு பேக்கரிக்காரர் ஆதரவுக் கையெழுத்தே போட்டுட்டார்! மாசக் கடைசியில கூட்டமாம். நீ இதுக்குன்னே சம்பளம் வாங்குறவ. பெத்தவளுக்கு ஓசியில சொல்லிக் குடு.

அம்மா

ஜூன் 16

அன்புள்ள அம்மா,

விஷயம் இதுதான். ஸ்டாப்பை ஆஸ்பத்திரி பின்வாசலுக்கு மாத்துறாங்க. நம்ம தெரு பக்கம் பஸ்ஸே வராது.

நாங்க கூட்டத்துக்கு முன்னாடி ஆட்களை ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைப்போம். ஒருத்தர் திட்டத்தைத் தன் வார்த்தையில பக்கத்து ஆளுக்குச் சொல்லணும். அவர் குடைஞ்சு குடைஞ்சு கேக்கணும். பதில் தெரியலன்னா விசாரிச்சுட்டு வரணும். அதுவரைக்கும் வேணும்னும் கை தூக்கக் கூடாது, வேண்டாம்னும் தூக்கக் கூடாது. நம்ம வீட்டு ஹால்லயே செஞ்சு பாரு.

வீட்டை விக்கிறதுக்கு நீ கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் இதோட இருக்கு. புரோக்கர் ரெண்டாம் தேதி வருவார்.

உன் சின்னவள்

ஜூலை 4

என் தங்கத்துக்கு,

நீ சொன்னபடி செஞ்சோம். தையல் மெஷினை ஓரமா தள்ளிட்டு பதினாறு பேரை ரெண்டு ரெண்டா உக்கார வச்சேன். பேக்கரிக்காரர் சொல்லிக்கிட்டே வந்தவர் பாதியில "ஐயையோ, அப்ப என் கடைக்கு எவன் வருவான்?"னு எழுந்துட்டார். சிரிச்சு வயிறு வலிச்சுது. ஆனா எதிர்வீட்டு நர்ஸ், நடக்க முடியாத நோயாளிங்க நம்ம ஸ்டாப்புல இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்டுற கஷ்டத்தைச் சொன்னா. எனக்கு அது தோணவே இல்லடி. அதனால கூட்டத்துல ரெண்டு இடத்துலயும் பஸ் நிக்கட்டும்னு கேட்டோம். அதிகாரி மென்னு முழுங்கிட்டு, மூணு மாசம் அப்படி விட்டுப் பாக்கலாம்னார்.

அந்தச் சூட்டோட உன் பத்திரத்தை எடுத்துக்கிட்டு நர்ஸ் வீட்டுக்குப் போனேன். வீட்டை வித்துட்டு மகள்கிட்ட போறேன்னு ஆரம்பிச்சேன். உங்களுக்கு எந்த ரூம்னு கேட்டா. தெரியல. தையல் மெஷினும் கூட வருமான்னா. தெரியல. ஒத்துவரலன்னா திரும்பி எங்க வருவீங்கன்னா. ஊரையெல்லாம் கருத்துக் கேக்குற என் பொண்ணு என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு அங்கயே அழுதுட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் மேல கோவம் கோவமா வந்துச்சு.

புரோக்கர் வந்தார். தண்ணி குடுத்து அனுப்பிட்டேன். பத்திரத்தைக் கையெழுத்துப் போடாம இதோட திருப்பியிருக்கேன்.

வரவே மாட்டேன்னு நான் சொல்லல. மாடிப்படி ஏற முடியலங்கிறது எனக்கும் தெரியும். தனியா ராத்திரி பயமாவும் இருக்கு. நீயும் பெரியவனும் நேர்ல வாங்க. நீங்க சொல்லுங்க, நான் கேள்வி கேக்குறேன். அப்புறம் கை தூக்குறதா வேண்டாமான்னு நான் பாத்துக்குறேன். முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் வருவீங்கன்னா, டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அம்மா