எதில் மாட்டுவது?

ஜன. 7, 1968, ஞாயிறு
மார்கழிக் குளிர். ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டியோடு தாம்பரம் ஸ்டேஷன். வெளியே மதிலோரம் வாழ்பவர்களுக்கு உதவி. கொண்டுபோனவை: ரொட்டி, டீ, பழைய போர்வைகள், பைபிள் வசனக் காலண்டர் நாற்பது. காலண்டர், செயலாளர் தேவசகாயத்தின் யோசனை. மூன்று வர்ணம். மேலே தகரப் பட்டை, மாட்ட ஒரு வளையம்.

முனியம்மா என்றொருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார், இத்த எதுல மாட்றது? எங்க வூட்டுக்காரன் முதுகுலியா?"

புருஷன் ஏழுமலை, கல் சுமப்பவன், உடனே முதுகைக் காட்டினான். ஒரே சிரிப்பு. தேவசகாயம் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினார்: 'அனைவரும் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டனர்.'

ஜன. 10, புதன்
பல்வலி. கிராம்பு. மாலையில் மறுபடி ஸ்டேஷன், தனியாக. வீட்டில் சொன்ன காரணம்: தபால் தலை.

பிரசவத்துக்குள் ஓர் அறை வேண்டுமாம். வாடகைக்கு ஏழுமலையின் கூலி போதும். "எங்க போனாலும், 'இப்ப எங்க கீறீங்க'ன்னு கேக்கறாங்க சார். சொன்னா கதவ சாத்திக்கிறாங்க," என்றாள் முனியம்மா.

வீடு கிடைக்க, முன்பே ஒரு வீடு இருக்க வேண்டும். இந்த விதியை வகுத்தவர் எங்கள் ஆபீசில் பெரிய பதவிக்கு வந்திருப்பார்.

ஜன. 12, வெள்ளி
செம்பாக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுப் பின்கட்டில் அறை காலி. சபைப் பாடகர் குழுவில் இவர் குரல்தான் மேலே கேட்கும். போய்க் கேட்டேன்.

"தாராளமா குடுக்கலாம் சார். இவங்களைத் தெரியும்னு யாராவது எழுதித் தரணும். நீங்க தர்றீங்களா?"

"கமிட்டியில வைக்கிறேன்," என்றேன். பல் வலிக்கவில்லை. வேறு சாக்கும் இல்லை.

ஜன. 14, ஞாயிறு
பொங்கல். நல்ல வெயில். கமிட்டித் தீர்மானம்: முனியம்மாவுக்காக ஊக்கமாக ஜெபிப்பது. ஒருமனதாக. நானும் கை தூக்கினேன்.

பக்கத்து வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜன. 17, புதன்
காலையில் காலந்தப்பிய தூறல். ஆபீஸ் போகிற வழியில் பார்த்தேன். போர்வை நனைந்து கிடக்கிறது. காலண்டர் மட்டும் எண்ணெய்த் துணியில் சுருட்டி முனியம்மா மடியில்.

"போர்வ காஞ்சிடும் சார். காயிதம் போச்சுன்னா போச்சு. வூடு கெடச்சா மாட்டணுமில்ல?"

மதிய இடைவேளையில் டீச்சருக்குக் கடிதம். 'இவர்களை எனக்குத் தெரியும். நான் பொறுப்பு.' பத்து நாள் பழக்கம். எனக்கு வீடு வாடகைக்கு விட்டவர் என்னைப் பத்து நிமிடம்தான் பார்த்தார், சாவி கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் போட்டால் மனம் மாறலாம். டீச்சருடையது அல்ல.

ஜன. 20, சனி
வானம் தெளிவு. குடிபோனார்கள். சாமான்: அடுப்பு, பானை இரண்டு, போர்வை, காலண்டர். டீச்சரே பால் காய்ச்சக் கொடுத்தார்.

முனியம்மா நாலு சுவரையும் தட்டிப் பார்த்து, ஒன்றில் விரலை வைத்தாள். "இங்க மாட்டலாம். ஆணி கீதா சார்?"

இல்லை. நாற்பது காலண்டர் அச்சடித்த கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாளை, ஆராதனைக்கு முன்: ஆணி. சுத்தியல் டீச்சரிடம் இருக்கிறது.